பம்பாய்த் தேக்கில் ஒரு பாய்மரப் படகு



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளியின் மாணவர்கள் இருபது பேரை லங்காவித் தீவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். படகுத்துறையில் வெள்ளை நிறப் பாய்மரப் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. அவை மீன்பிடிப் படகுகள் அல்ல. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிச் செல்லும் உல்லாசப் படகுகள். அன்று ஒரு குடும்பம் ஒரு படகை வாடகைக்கு எடுத்திருந்தது. படகுப் பணியாளர் ஒருவர் அவர்களுக்குப் படகை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, ஐந்தைந்து பேராக ஏறிவந்து பார்க்கும்படி அவரே அழைத்தார்.

பாய் எப்படி ஏற்றுவது, சுக்கானை எப்படித் திருப்புவது என்று அவர் சொல்லிக் கொடுப்பார் என எதிர்பார்த்தோம். அவரோ படகின் தரைப்பலகையைத் தூக்கினார். கீழே குனிந்து ஒரு வால்வைக் காட்டினார். பிறகு இன்னொன்று, மற்றொன்று. குடிநீர்த் தொட்டி எங்கே, பேட்டரி எங்கே, எரிவாயுத் தோம்பு எங்கே, தண்ணீர் புகுந்தால் இறைக்கும் பம்பு எங்கே என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காட்டினார். பாயைப் பற்றிச் சொன்னது கடைசிக் கால் மணி நேரந்தான். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “சார், பாய்க்கப்பல் என்றார்கள். இவர் குழாயையே காட்டுகிறாரே?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அதற்கு விடையாகத்தான் இன்றைய பேச்சு அமைகிறது.

வீட்டில் இருக்கும் நமக்குத் தண்ணீர், வெளிச்சம், நெருப்பு, கழிவுநீர் ஆகிய நான்கையும் யாரோ வெளியிலிருந்து கவனித்துக்கொள்கிறார்கள். பழைய தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது நன்கு புரியும். நாம் சிறு பிள்ளையாக இருந்தபோது லயத்தின் கோடியில் இருந்த பொதுக் குழாயில் குறித்த நேரத்தில்தான் தண்ணீர் வரும். தோட்டத்து ஜெனரேட்டரை இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் வராவிட்டால் கிராணியிடம் முறையிடலாம். கடலில் முறையிட ஆள் இல்லை. அங்கே குழாயும் நாமே, ஜெனரேட்டரும் நாமே, கிராணியும் நாமே.

அந்தப் பணியாளர் காட்டியவற்றில் நம் பிள்ளைகளை மிகவும் திகைக்க வைத்தது வால்வுகள். படகின் அடிப்பாகத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, வேண்டுமென்றே துளைகள் போட்டிருக்கிறார்கள். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வர ஒரு துளை. சமையல் தொட்டியின் அழுக்குநீர் வெளியேற ஒன்று. கழிவறைக்கு நீர் வர ஒன்று, போக ஒன்று. ஒவ்வொரு துளைக்கும் ஒரு வால்வு உண்டு. கழிவறைத் தொட்டியின் விளிம்பு கடல்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கக்கூடும். ஒரு வாளித் தண்ணீரில் ரப்பர் குழாயை இட்டு வாயால் உறிஞ்சிக் கீழே விட்டால், தண்ணீர் தானாகவே வந்துகொண்டிருக்கும் அல்லவா? அதே முறையில், திறந்துவிட்ட கழிவறைக் குழாய் வழியே கடல் உள்ளே வந்துகொண்டேயிருக்கும். வீட்டில் ஆள் தூங்கும்போது குழாய் சொட்டினால் தண்ணீர் வீணாகும். படகில் அப்படி நேர்ந்தால் விடியும்போது படகு இருக்காது. அதனால்தான் ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூம்பு வடிவில் செதுக்கிய ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வால்வோ குழாயோ உடைந்தால் அந்தக் கட்டையைத் துளைக்குள் அடித்து அடைக்கலாம்.

எரிவாயுவுக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. நம் வீட்டில் வாயு கசிந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிடுகிறோம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு ஒட்டிப் பரவி, வாசல் வழியே வெளியேறும். படகுக்கோ வாசல் மேலே இருக்கிறது. கசிந்த வாயு படகின் அடிவயிற்றில் இறங்கித் தேங்கி நிற்கும். யாராவது இயந்திரத்தை முடுக்கும்போது ஒரு சிறு தீப்பொறி போதும். ஆகவே தோம்பைத் தனிப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடியில் கடலை நோக்கி ஒரு வடிகால் விட்டிருக்கிறார்கள். சமைத்து முடித்ததும் அடுப்பை அணைத்தால் போதாது, தோம்பின் வாயையே மூடவேண்டும். பேட்டரிகளையும் இரண்டு பிரிவாக வைத்திருக்கிறார்கள். ஒன்று இயந்திரத்தை முடுக்குவதற்கு மட்டும். மற்றது விளக்கு, குளிர்பெட்டி, வானொலி ஆகியவற்றுக்கு. இரவு முழுதும் விளக்கெரித்து இரண்டையும் வெறுமையாக்கிவிட்டால் காலையில் இயந்திரம் அசையாது.

இவற்றையெல்லாம் இன்று ஒரு வார வாடகைக்கு இரண்டு மணி நேரத்தில் கற்றுக் கொடுக்கிறார்கள். இவற்றைத் தன்னந்தனியாக, எந்தத் துறையிலும் தங்காமல், பத்து மாதங்களுக்கு மேல் நடத்திக் காட்டிய ஒருவரின் வரலாற்றைப் பார்ப்போம். அந்த வரலாற்றில் நமக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு.

நம் தாத்தா பாட்டிமார் பலர் இந்நாட்டுக்கு வந்த கப்பல்களில் ஒன்று ‘ரஜூலா’. 1926இல் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். அதே நிறுவனத்தின் கப்பல்களில் 1957 முதல் பணியாற்றியவர் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்னும் ஆங்கில இளைஞர். பம்பாயைச் சார்ந்து வாழ்ந்த காலத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு பாய்ப்படகு கட்டும் ஆசை வந்தது. 1960களின் தொடக்கத்தில் பம்பாயின் கொலாபாப் பகுதியில் ஒரு பட்டறையில் வேலை தொடங்கிற்று. மரம் இந்தியத் தேக்கு. கருவிகள் நம் ஆசாரிகள் வைத்திருக்கும் அதே வாய்ச்சியும், வில் கட்டி இழுக்கும் துறப்பணமும். முப்பத்திரண்டு அடி நீளம், இரண்டு பாய்மரம். அரபு மாலுமிகள் பாரசீக வளைகுடாவில் தென்கிழக்குக் காற்றுக்கு வழங்கும் பெயரைப் படகுக்குச் சூட்டினார்: ‘சுஹைலி’.

அந்தப் படகைப் பார்த்தவர்கள் அழகி என்று சொன்னதில்லை. தடித்த உடல், மெதுவான நடை. அந்தக் காலத்திலேயே அது பழைய பாணி. ஆனால் அதன் ஒவ்வொரு பலகையும் எங்கே இணைகிறது, எந்த ஆணி எங்கே போகிறது என்பதை உரிமையாளர் அருகில் இருந்து பார்த்திருக்கிறார். பிறகு பம்பாயிலிருந்து தென்னாப்பிரிக்கா வழியாக இங்கிலாந்துக்கு அதையே ஓட்டிச் சென்றார்.

1968ஆம் ஆண்டு லண்டன் செய்தித்தாள் ஒன்று ஒரு போட்டியை அறிவித்தது. தனி ஒருவராக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், யாரிடமும் உதவி பெறாமல், பாய்ப்படகில் உலகைச் சுற்றி வரவேண்டும். முதலில் திரும்புபவருக்கு ஒரு தங்கக் கோளக் கோப்பை. குறைந்த நாட்களில் முடிப்பவருக்கு 5,000 பவுன். அதுவரை உலகில் யாரும் செய்யாத காரியம். ஒன்பது பேர் புறப்பட்டனர். நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14ஆம் நாள் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 29. டின் உணவுகளின் காகித ஒட்டுகளைக் கிழித்துவிட்டு, டின்மேல் அடையாளக் குறி எழுதி, துருப்பிடிக்காதபடி வார்னீஷ் பூசி அடுக்கியிருந்தார். ஈரத்தில் காகிதம் உரிந்துபோனால் உள்ளே பட்டாணியா இறைச்சியா என்று தெரியாதல்லவா? குடும்பம் நடத்தும் தாய்மார்களுக்கு இந்த முன்யோசனை பிடிக்கும் என்று நம்புகிறோம்.

முதல் சோதனை அட்லாண்டிக் கடலிலேயே வந்தது. படகுக்குள் வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் ஏறியது. பம்பை அடித்து அடித்து வெளியேற்றினாலும் நிற்கவில்லை. காற்று ஓய்ந்த ஒரு வேளையில் கடலில் குதித்து அடியில் பார்த்தார். அடிக்கட்டைக்கு அருகில் பலகைகளின் பொருத்து வாய் திறந்திருந்தது. தமிழகக் கடற்கரைத் தச்சர்கள் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைப்பதைக் கலப்பற்று என்பார்கள். அதைக் கரையில், காய்ந்த மரத்தில் செய்வார்கள். இவரோ தண்ணீருக்குள் மூச்சடக்கி மூழ்கி, சுத்தியலால் பஞ்சை அடிக்கவேண்டியிருந்தது. ஒரு மூச்சில் நாலைந்து அடி, பிறகு மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். பஞ்சு நிற்கவில்லை. கித்தான் துணியைப் பட்டையாக வெட்டி, பஞ்சை அதில் தைத்து, தார் பூசி, செப்பு ஆணியால் அறைந்து, அதற்குமேல் செப்புத் தகடும் அடித்தார். இடையில் ஒரு சுறா வட்டமிட்டது. படகில் ஏறித் துப்பாக்கியால் அதைச் சுட்டுவிட்டு மீண்டும் இறங்கினார். ஒழுகல் குறைந்தது.

செப்டம்பர் 5ஆம் நாள், நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே, பேரலை ஒன்று படகைப் பக்கவாட்டில் புரட்டிப்போட்டது. அடிப்பாரம் கனமாக இருந்ததால் படகு தானாக நிமிர்ந்தது. உள்ளே புத்தகமும் டின்னும் மருந்தும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. மேற்கட்டின் மூட்டு விலகித் தண்ணீர் சொட்டியது. குடிநீர்த் தொட்டியின் நீரும் குடிக்க உதவாதபடி கெட்டுப்போயிற்று. பெரும் பயணத்தின் பெரும்பகுதி இன்னும் மீதி. பிளாஸ்டிக் கலன்களில் கொஞ்சம் தண்ணீர் தனியே வைத்திருந்தார். அதுதான் உயிரைக் காத்தது. அதன்பின் மழையை நம்பினார். பாயில் விழும் மழைநீர் வழிந்து, பாயின் அடிக்கழியில் இறங்கும் இடத்தில் ஒரு வாளியைக் கட்டினார். லயத்துக் கூரையின் ஓரத்தில் பீப்பாய் வைத்து மழைநீர் பிடித்த நம் பாட்டிமார்கள் அந்த வாளியைப் பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். இன்று வாடகைப் படகுகளில் குடிநீர்த் தொட்டி இரண்டு இருந்தால், ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் திறக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

அதே தென்கடலில் பேட்டரியைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது படகு குலுங்கி, அமிலம் அவர் கண்ணில் தெறித்தது. தண்ணீரால் கழுவினார், சொட்டு மருந்து விட்டார். பார்வை போய்விடுமோ என்ற அச்சத்தில், டர்பன் துறைமுகத்துக்குத் திரும்பலாமா என்றுகூட யோசித்தார். பேட்டரியை நேர்த்தியாகப் பராமரிப்பவர் அவர், அவருக்கே இப்படி. மோட்டார் சைக்கிள் பேட்டரிக்கு வெறுங்கையால் அமிலம் ஊற்றும் நம் இளைஞர்கள் இதைச் சற்றுக் கவனிக்கவேண்டும். நல்லவேளையாகக் கண் தேறியது.

இனி நாம் வகுப்பறையில் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் சிறு இயந்திரம் ஒருநாள் இயங்க மறுத்தது. மேக்னெட்டோ என்னும் பாகத்தில் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்யவேண்டும். அந்த இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். அளக்கும் தகட்டைக் கரையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். என்ன செய்வது? கையிலிருந்த புத்தகத்தை எடுத்தார். எத்தனை தாள் சேர்ந்தால் ஓர் அங்குலம் என்று எண்ணினார். இருநூறு. ஆகவே ஒரு தாளின் தடிப்பு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. மூன்று தாள் வைத்தால் பதினைந்து பங்கு. தாளையே அளவுகோலாக வைத்து முனைகளைச் சரிசெய்தார். இயந்திரம் ஓடிற்று. வகுத்தல் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு எங்களிடம் இதைவிடச் சிறந்த விடை இல்லை.

எல்லாவற்றையும் அவரால் காப்பாற்ற முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். செய்தி அனுப்பும் வானொலி பழுதாகி நின்றது. பிறர் பேசுவதைக் கேட்கலாம், தாம் பேச முடியாது. காற்றின் திசையைக் கொண்டு படகைத் தானே நேராகச் செலுத்தும் சுக்கான் அமைப்பு ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது அதுவும் முறிந்துபோயிற்று. இன்று பல வாடகைப் படகுகளில் அந்த வேலையை ஒரு மின்கருவி செய்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும். அவருக்கு உறங்கவாவது கைகள் ஓயவேண்டுமே! பாய்களை ஒன்றுக்கொன்று எதிர்ப்பலம் கொடுக்கும்படி ஏற்றி இறக்கி, சுக்கானைக் கயிற்றால் கட்டி, படகு தானே ஓரளவு வழி பிடிக்கும்படி பழக்கினார். அப்படியே பாதி உலகைக் கடந்தார். நவம்பரில் நியூசிலாந்து அருகே ஒரு நண்பரிடம் கடிதங்களை வாங்கவும் விதி இடம் தரவில்லை. படகிலிருந்தபடியே பேசிவிட்டுப் புறப்பட்டார். அதற்குப் பிறகு நான்கரை மாதம் உலகத்துக்கு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. 1969 ஜனவரி 17ஆம் நாள் அவர் ஹார்ன் முனையைத் தாண்டியது கரையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

அதே போட்டியில் கலந்துகொண்ட இன்னொருவரைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்த வரலாறு முழுமையாகாது. டொனால்ட் குரோஹர்ஸ்ட் மின்னணுக் கருவிகள் செய்து விற்றவர், இந்தியாவில் பிறந்தவர். மூன்று உடல்களைக் கொண்ட புதுவகைப் படகு அவருடையது. படகு கவிழப் பார்த்தால் ஒரு கணினி அதை உணர்ந்து, பாய்மர உச்சியில் காற்றுப் பையை ஊதி நிமிர்த்தும் என்பது அவர் திட்டம். படகெங்கும் வண்ண வண்ணக் கம்பிகள் ஓடின. ஆனால் அவை எந்தக் கணினியிலும் போய்ச் சேரவில்லை. அது செய்து முடிக்கப்படவேயில்லை. வாங்கிய கடனும் ஒப்பந்தமும் அவரை விடவில்லை. புறப்படுவதற்கு அனுமதித்த கடைசி நாளான அக்டோபர் 31இல் அவசர அவசரமாகக் கிளம்பினார். படகின் உள்ளறைகளிலிருந்து தண்ணீர் இறைக்கத் தேவையான குழாயைக் கரையில் விட்டுவிட்டார்கள். மூடிகள் ஒழுகின. தென்கடலுக்குப் போனால் சாவு, திரும்பினால் அவமானமும் கடனும். அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதுபோல் பொய்யான செய்திகளை அனுப்பினார். 1969 ஜூலை 10ஆம் நாள் அவருடைய படகு நடுக்கடலில் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருக்கக் கண்டார்கள். குறிப்பேடுகள் மட்டும் மேசைமேல் இருந்தன. அவரை அறிவிலி என்று நாம் சொல்லமாட்டோம். அறிவு நிறைய இருந்தது. கடனுக்கு நாள் குறித்துவிட்டதால் வேலையை முடிக்க நேரமில்லாமல் போனவர். கடனுக்கு அஞ்சி வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்த நெருக்கடி என்னவென்று தெரியும்.

நாக்ஸ் ஜான்ஸ்டனின் கதைக்குத் திரும்புவோம். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ஓர் எண்ணெய்க் கப்பலைக் கண்டு விளக்கொளியால் செய்தி சொன்னார். அப்போதுதான் அவர் உயிரோடிருப்பது வீட்டுக்குத் தெரிந்தது. 1969 ஏப்ரல் 22ஆம் நாள், 312 நாட்களுக்குப் பின், ஏறத்தாழ 30,000 மைல் கடந்து, துருவும் உப்பும் படிந்த சுஹைலி ஃபால்மத்தை அடைந்தது. சுங்க அதிகாரிகள் படகில் ஏறி, வழக்கப்படி, எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் ஃபால்மத்திலிருந்து என்றார். ஒன்பது பேரில் சுற்றை முடித்தவர் அவர் ஒருவரே. ஆகவே கோப்பையும் 5,000 பவுனும் அவருக்கே உரியனவாயின. பணத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. குரோஹர்ஸ்ட்டின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார்.

லங்காவியில் கேள்வி கேட்ட மாணவிக்கு இந்தக் கதையைத் திரும்பும் வழியில், பெரிகப்பலில் வைத்துச் சொன்னோம். அவள் கேட்ட அடுத்த கேள்வி, “அந்தப் பம்பாய்ப் படகு இப்போது எங்கே, சார்?” என்பது. அது அழியவில்லை. ஆணிகளை மாற்றி, பலகைகளைப் பழுதுபார்த்து வைத்திருந்தார்கள். புறப்பட்டு ஐம்பதாண்டு நிறைந்த 2018 ஜூன் 14ஆம் நாள், அதே ஃபால்மத்தில், அதே மனிதர், அதே தேக்குப் படகில் மறுபடியும் பாய் விரித்துச் சென்றார்.